மகன் உடம்பு வைத்த கதை

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. தொலைபேசி அடித்தது, எடுத்தேன். நல்ல செய்தி. மனைவி டென்மார்க் வர அனுமதி கிடைத்துவிட்டது.

எங்களைப் போன்ற அகதிக் குடும்பங்கள் ஒன்றுசேரக் கேட்ட கோப்புகள் மேலிடத்தில் தூங்கிய காலம் அது. நானும் மகனும் கிரின்ஸ்டெட்டில், அவள் கொழும்பில். வருடக்கணக்காகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "பிள்ளை சாப்பிடுறானோ?"

சாப்பிடுவான், உடம்பில் ஒட்டாது. பதில் சொல்லிக் களைத்து, அவன் விளையாட்டு உடையில் நிற்கும் ஒரு படம் அனுப்பினேன். மகன் கோல்டிங்கில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினான். பந்தோடு ஓடிவருகிறவனை விழுத்துவது அவன் வேலை. அதற்குச் சட்டைக்குள் போடும் தோள்கவசம் ஒருவனை இரண்டு பேராக்கும். இது தெரியாத அவள், "தகப்பன் வளர்த்தும் பிள்ளை நல்லா உடம்பு வைச்சிட்டான்" என்று படத்தை அயலெல்லாம் காட்டியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. அவள் என்னைப் பாராட்டியதே அந்த ஒருமுறைதான்.

இப்போது மூன்று கிழமையில் வந்து நேரில் பார்க்கப் போகிறாள். பிள்ளையை என்னை நம்பித்தான் அனுப்பினாள்.

பயிற்சியாளரிடம் ஓடினேன். அமெரிக்காவில் சம்பளத்துக்குத் தடுப்பு வரிசையில் ஆடியவர். ஆட்களை விழுத்தி விழுத்தி முழங்கால் போனபின், டேனிஷ் மனைவியோடு இங்கே வந்துவிட்டார். கதவுக்குள்ளால் பக்கவாட்டில்தான் வருவார்.

"மூன்று கிழமையில் இவனைக் கொழுக்க வைக்கலாமா?" என்றேன்.

"நானும் இவனைப் போலத்தான் இருந்தேன். கல்லூரி நாலு வருடம் சாப்பாடு போட்டது. பெரிய அணியில் சேர்ந்த பிறகும், மெலிந்துவிட்டாய் என்று அம்மா அழுதார்."

நான் புட்டும் முட்டையுமாக அவித்துத் தள்ளினேன்.

"அப்பா, நான் என்ன கிறிஸ்மஸுக்குக் கொழுக்க வைக்கிற வாத்தோ?" என்று டேனிஷில் கத்தினான் மகன்.

அந்த நாள் வந்தது. பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் புறப்படக் காரில் ஏறியவனுக்கு இருக்கைப் பட்டி எட்டவில்லை. குளிர்ச்சட்டைக்குள் தோள்கவசம்!

"உங்களைக் காப்பாத்தத்தான்" என்றான்.

கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். நான் பட்டியை இழுத்துப் பூட்டினேன்.

அவள் வந்தாள். அவளும் படங்களில் இருந்த அளவில் இல்லை, பாதியாகியிருந்தாள். ஓடிப்போய் மகனைக் கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகி, மடக்கிய விரல்களால் அவன் நெஞ்சில் தட்டினாள். டொக், டொக். என்னைப் பார்த்தாள். நான் பெட்டிகளைப் பார்த்தேன்.

"கழட்டு, அப்பு" என்றாள். "உள்ளுக்குள்ளை இருக்கிற பிள்ளை எனக்குப் போதும்."