கவ்வாத்துக்காரன் சீகொங் பழகிய நாலு வாரம்

எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து எண்பத்துநான்கு படி மேலே இருக்கிறது. மாசியில் என் முழங்கால்கள் மடங்க மறுத்ததும், கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் மகள் செல்வி போனில் கெடு வைத்துவிட்டாள். "சித்திரை வரைக்கும் பாப்பேம்பா. அப்பவும் படி எறங்க முடியலன்னா ரெண்டு பேரையும் இங்கயே கூட்டிட்டு வந்துருவேன்." அங்கே மாடியில் ஓர் அறை. எனக்கும் மனைவி பாக்கியத்துக்கும் அதில் இஷ்டமில்லை. அதனால்தான் நானுஓயாவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் சீகொங் வகுப்புக்குக் கிளம்பினோம். மெதுவாகக் கை காலை அசைத்து மூச்சு விடும் சீனப் பயிற்சி அது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர் இதைத் தட்டச்சு செய்கிறார்.

காலை ஐந்தரைக்குப் பொகவந்தலாவையில் பஸ். ஏழு மணிக்கு ஹட்டன். அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். எட்டே முக்காலுக்கு நானுஓயா. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு 290 ரூபாய். பஸ் இறங்கும் இடத்திலிருந்து வகுப்பு நடக்கும் மண்டபம் பத்து நிமிட நடை, எங்களுக்குப் பதினெட்டு. ஒன்பதரைக்கு வகுப்பு, கட்டணம் இல்லை.

கற்றுத்தருபவர் ராணி. ஹொங்கொங்கில் வீட்டு வேலை செய்தபோது, தான் கவனித்துக்கொண்ட சீனக் கிழவியோடு பூங்காவுக்குப் போய்ப் பழகியவர். ஒவ்வொரு அசைவும் எட்டுத் தடவை என்றார். நான் வீட்டில் காலையும் மாலையும் முப்பது முப்பது செய்தேன். மூன்றாம் நாள் கழுத்து, தோள், வலது தொடை எல்லாம் பிடித்துக்கொண்டன. தலை சீவக் கை எழும்பவில்லை. எட்டோடு நிறுத்திய பாக்கியத்துக்கு ஒரு வலியும் இல்லை.

"செக்ரோல்ல யாருங்க பேர் போடப் போறாங்க, இப்புடி முறிஞ்சு செய்றீங்க?" என்றாள். செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்கள் பேரைப் பதியும் புத்தகம்.

அன்று பார்த்துச் செல்வி போன் எடுத்தாள். நல்லா இருக்கேன் என்று பொய் சொன்னேன்.

இரண்டாம் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறவே பாக்கியம் தள்ளிவிட வேண்டியிருந்தது. "இது எனக்குச் சரிவராதும்மா" என்றேன் ராணியிடம்.

"செஞ்சு காட்டுங்க தாத்தா."

செய்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கையில கத்தி இல்ல தாத்தா. ஆனா வெட்டிக்கிட்டே இருக்கீங்க."

முப்பத்துநான்கு வருஷம் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைக்கும் வேலை, பார்த்தவன் நான். சமமான சிமெந்துத் தரையிலும் மலைச்சரிவில் நிற்பதுபோல இடது காலை மடக்கி முன்னால் வைத்திருக்கிறேன். பாரம் முழுக்க வலது தொடையில். கை இறுகியிருக்கிறது, ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சை அடக்குகிறேன்.

"ரெண்டு காலயும் சமமா வைங்க. மூச்ச விடுங்க. இப்போதைக்கு நாலு தடவ போதும். அம்மாவப் பாருங்க, கொழுந்து எடுக்குற கை எம்புட்டு லேசாப் போகுதுன்னு."

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் பாக்கியத்தைப் பார்த்துப் படி என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. பார்த்தேன். அவள் வெட்கப்பட்டு, "போதும், முன்னால பாருங்க" என்றாள்.

நாலாம் வாரம் வலி விட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம், காலையில் மண்டபம் ஐஸ்தான். முதல் வாரம் சதை வலிக்கும், சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்கள். மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள் என்று ராணி சொல்கிறார். வீட்டாரிடம் வலியை மறைக்காதீர்கள். நான் மறைத்து ஒரு லாபமும் இல்லை; பாக்கியம் அன்றைக்கே செல்விக்குச் சொல்லிவிட்டாளாம்.

சித்திரையில் செல்வி வந்தாள். எண்பத்துநான்கு படி ஏறியதில் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துப் பாயை விட்டு எழவில்லை. "பாண் வாங்க நான் போறேம்பா, கொஞ்சம் பொறுங்க" என்றாள். நான் மெயின் ரோட்டுக் கடைக்கு இறங்கி, பேக்கரி ரொட்டியான பாணை வாங்கி வந்தேன். ஏறும்போது ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாணைக் கையில் வாங்கியவள், "தீவாளிக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்றாள்.