மேஜையில் வைத்த தாலி

வட்டக்கானல் விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிறேன். விவாகரத்து கேட்பது என்று முடிவெடுத்த அன்று, தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டுதான் கொடைக்கானல் கோர்ட்டுக்குக் கிளம்பினேன். பூண்டு விளையும் எங்கள் மலையூரில் அதுதான் வழக்கம். புருஷனை வேண்டாம் என்பவள் ஊர்க்கூட்டத்தில் தாலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு நகை, பாத்திரம் எதையும் கேட்கக்கூடாது.

கோர்ட்டில் இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். புருஷன் குடித்துவிட்டு அடித்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, துணி முடிச்சை அவர் மேஜையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"தாலிங்க. அவருகிட்டக் குடுத்துட்டு வெரசா தீத்து விட்ருங்க."

அவர் சிரிக்கவில்லை. முடிச்சை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"இத யாருக்கும் குடுக்க வேணாம். ஒங்க வீட்ல போட்ட நகையும் ஒங்களுதுதான். அவரு வச்சிருந்தா அதையும் சேத்துக் கேப்போம்."

"கேக்கலாமாங்க?"

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல், முடிச்சை இறுகப் பிடித்தபடி வட்டக்கானல் வரைக்கும் நடந்தே வந்தேன்.

தீர்ப்பு வந்ததும் அந்தத் தாலியை உருக்கி ஜிமிக்கி செய்து போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். எதில் செய்தது என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

"ஏ புள்ள, தாலியப் போயி உருக்குவாகளா?" என்றாள் பெரியம்மா.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு காதிலும் ஜிமிக்கி குதித்தது.