அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார்

ஞாயிறு, காலை 6.10. விருதுநகர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைப்பது என் தொழில். ஆண்களை விரும்பும் ஆணாக சிவகாசியில் வளர்ந்த கதைதான் என் சரக்கு. சென்னை, கோவை, பெங்களூர் என்று எல்லா ஊரிலும் சொல்லியாயிற்று. சிவகாசியில் மட்டும் சொன்னதில்லை. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அங்கேதான் நிகழ்ச்சி.

6.45. பேருந்தில் சிவகாசிக்கு 26 கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய். பக்கத்து இருக்கையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்.

"எங்கன இருந்து வாரீக?"

"சென்னைக்கா. இங்க ஒரு காமெடி நிகழ்ச்சி. நான்தான் பேசுறேன்."

"டிக்கெட் உண்டா?"

"நூறு ரூபா."

"சிரிப்பு வரலைன்னா திருப்பித் தருவீகளா?"

பதில் யோசித்து முடிப்பதற்குள் திருத்தங்கல் வந்து அவர் இறங்கிப் போனார்.

பிற்பகல் 2.50. பேருந்து நிலையத்திலிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு சின்ன மண்டபம். ஏற்பாடு செய்தவள் என் பள்ளித் தோழி செல்வி. இப்போது பிரஸ் நடத்துகிறாள். அறுபது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அப்பா.

"நீதான் கூப்பிட்டியா?" என்றேன் செல்வியிடம்.

"நான் கூப்பிடலப்பா. அவுகளே டிக்கெட் எடுத்தாக."

நான் யாரென்று ஏழு வருடங்களுக்கு முன் போனில் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. என் நிகழ்ச்சியில் பாதி அவரைப் பற்றியது. அந்தப் பாதியை விட்டுவிடலாமா என்று யோசித்தபடியே மேடையேறினேன். அதை விட்டால் மிச்சம் பதினைந்து நிமிடம்தான். அதையும் மேடையில் சொல்லிவிட்டேன்:

அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டியவர். பட்டாசு லேபிள் அச்சடித்ததில் கழிந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். தெருப் பையன்கள் நடிகைகள் படத்தைச் சேர்த்தார்கள். நான் வெடிக்கட்டு லேபிளில் வரும் பயில்வானைச் சேர்த்தேன். நூற்றுப் பத்துப் பயில்வான்கள். மகனுக்கு உடம்பை வளர்க்க ஆசை என்று நினைத்து, பதினான்கு வயதில் அப்பா என்னை ஜிம்மில் சேர்த்துவிட்டார். ஒரு நாள்கூட நான் லீவு போட்டதில்லை.

மண்டபம் குலுங்கியது. அப்பா தலையைக் குனிந்திருந்தார், தோள்கள் ஆடின. சிரிப்பா அழுகையா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. வாய் அது பாட்டுக்குப் பேசியது.

மாலை 5.00. "ரயிலேத்தி விடுறேன்" என்று அப்பாவும் விருதுநகர் பேருந்தில் ஏறினார். திருத்தங்கல் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஜிம் மாஸ்டர் அப்பவே சொன்னாருலே. ஒங்க மகன் ரெண்டு மணி நேரம் இருக்கான், ஒத்தக் கிலோ தூக்கல, சும்மா பாத்துக்கிட்டே இருக்கான்னு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நீ சொன்னப்ப எனக்குப் பேச்சு வரல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊரே ஒன்னப் பாத்துச் சிரிக்கும்னுதான் பயந்தேன். இன்னைக்கும் சிரிச்சாக. ஆனா இது வேற சிரிப்பு. என்னாலயே அடக்க முடியல."

எதிர்வெயில் கண்ணில் அடித்ததாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பேருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வெயில் முதுகுப் பக்கம்.

"சென்னையில தனியாவா இருக்க?" என்றார்.

"இல்லப்பா. கார்த்திக்குன்னு ஒருத்தர்கூட இருக்கேன். ஆறு வருசமாச்சு."

"என்ன வேலை?"

"ஸ்கூல் வாத்தியார்."

"கணக்கா?"

"வரலாறு."

"பரவாயில்ல" என்றார்.

6.15. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாக் கடை. எதிர் மேசையில் அப்பாவோடு முன்பு வேலை பார்த்த மாமா ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மகனா? கல்யாணம் ஆயிருச்சா?"

சென்னையில் இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்துப் பதில்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதில் எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் நனைத்தார்.

"அவனுக்கு ஆள் இருக்காரு. சென்னையில, வாத்தியாரு."

மாமா 'இருக்காரு'வை ஒருமுறை மென்று பார்த்தார். அப்பா நிமிரவில்லை, திருத்தவும் இல்லை.

"வாத்தியார்னா நல்லதுதான்" என்றார் மாமா கடைசியில், தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டே.