பந்துக்கு முன்னால் நின்ற கை

நான் அடித்தால் பந்து குழிவரைக்கும் போகாது. பாதி மேசையிலேயே சோர்ந்து நின்றுவிடும். சிவகாசியில் எங்கள் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே, மேசைமேல் ஸ்டிக்கால் பந்தடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் கிளப் ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விளையாடிவந்தேன். பெண் என்று நான் ஒருத்திதான். காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் அடுத்த மேசையிலிருந்து சொன்னார்: "பொம்பளைக கைக்கு அம்புட்டுத்தான் வலு. விடுங்கம்மா, வீட்ல சோலி கெடக்கும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி மூட்டையைத் தனியாக மாடிக்கு ஏற்றுகிற கை இது. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் வரும் பயிற்சியாளரிடம் ஒரு மணிநேரத் தனி வகுப்புக் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆண்கள் யாரும் இல்லாத காலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

"எல்லாரும் வர்ற நேரத்துலயே வைங்க தம்பி. ஒளிஞ்சு படிக்க நான் என்ன களவா பண்றேன்?" என்றேன்.

அப்படியே எல்லாரும் இருக்கும்போது வகுப்பு நடந்தது. நான் நிற்பது சரி, ஸ்டிக்கைப் பிடிப்பதும் சரி என்றார். பிறகு நான் அடிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

"இங்கன பாருங்கக்கா. பந்துக்கு ரெண்டு விரக்கடை முன்னாடியே உங்க கை பிரேக் போடுது. ஸ்டிக்கு பந்தத் தாண்டிப் போகணும். நீங்க தொட்டதும் நிறுத்துறீக. என்ன வேல பாக்குறீக?"

பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் வேலை என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பதினொரு வருடம். அந்த அறையில் எதையும் தட்டக்கூடாது, இழுக்கக்கூடாது, போடக்கூடாது. ஒருமுறை கை தவறித் தூரிகையைக் கீழே போட்டதற்கு, போர்மேன் அன்று முழுக்க என்னை வெளியே உட்காரவைத்தார். வீட்டில்கூட நான் கதவைச் சாத்தினால் சத்தம் வராது. தேங்காய் உடைப்பது என் கணவர்தான். வலுவில்லாத கையா இது? கூட வேலை பார்த்தவர்களை எல்லாம் தினமும் முழுசாக வீட்டுக்கு அனுப்பிய கை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"என்னம்மா, வாத்தியார் வச்சும் வரலையா?" என்றார் அச்சகக்காரர்.

"தாண்டிப் போகட்டும்க்கா," என்றார் பயிற்சியாளர்.

முதல் இரண்டு முறையும் கை பந்துக்கு முன்னாலேயே நின்றது. மூன்றாவது முறை என் கைக்கே கேட்கும்படி, "இங்க மருந்து இல்லடி, அடி!" என்று சொல்லி அடித்தேன். 'டப்' என்ற சத்தத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. கண்ணைத் திறந்தபோது சிவப்புப் பந்து குழிக்குள் போயிருந்தது. பின்னாலேயே, குழியில் விழக்கூடாத வெள்ளைப் பந்தும் உருண்டு போய் அச்சகக்காரர் பக்கமிருந்த குழியில் விழுந்தது.

"வெள்ளையும் போச்சே! தப்பாட்டம்!" என்று சிரித்தார் அவர்.

"தப்புன்னு தெரியும் அண்ணாச்சி. உங்க பக்கந்தான் கெடக்கு, எடுத்து வைங்க. எனக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு."