சந்துக்கு மேலே ஒரு ஜன்னல்

எனிட் பாரக்ளஃபை ஏமாற்றி வீடு விற்றவர் எங்கள் ஊரான ஆல்டர்கிளஃபில் யாரும் கிடையாது. முயன்றவர்கள் உண்டு. பாலத்தடியில் இருந்த எங்கள் வக்கீல் ஆபீஸில் வீட்டுக் கிரய வேலை முழுக்க அவள் மேஜையில்தான் நடந்தது. எதிர் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டு நான் அதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

வீடு விற்கிறவருக்கு ஒரு கேள்வித்தாள் போகும். அக்கம்பக்கத்தோடு தகராறு உண்டா, வேலி யாருடையது, உங்களைத் தவிர வீட்டில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கும். முக்கால்வாசிப் பேர் "எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை" என்று எழுதி அனுப்புவார்கள். அந்த வரியைக் கண்டதும் எனிட் பேனாவின் பின்பக்கத்தால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக் டக். அந்தச் சத்தம் கேட்டால் யாருக்கோ கடுதாசி போகப் போகிறது என்று நான் இயந்திரத்தில் தாளைச் செருகிவிடுவேன்.

"தெரிஞ்சவரைன்னா என்னடி அர்த்தம்? தெரிஞ்சுக்க இஷ்டமில்லைன்னு அர்த்தம்" என்பாள்.

அந்தக் கேள்வித்தாளுக்குப் பயந்தே எங்கள் ஊரில் யாரும் யாரைப் பற்றியும் புகார் செய்வதில்லை. பக்கத்து வீட்டு நாய் பகல் முழுக்கக் குரைக்கும். காலையில் அந்த நாய்க்காரரைப் பார்த்தால் மழை விட்டுவிட்டது, நல்லவேளை என்று சிரித்துவிட்டுப் போவோம். வாய் திறந்தால் அது தகராறு. தகராறு என்றால் விற்கும்போது எழுதியாக வேண்டும். எழுதினால் வாங்க வந்தவன் ஓடிவிடுவான். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக வாழ்கிறோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. கிரயம் முடித்துக் கொடுக்கிறவர் வீட்டைப் போய்ப் பார்க்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. பத்திரமும் வரைபடமும் போதும். எனிட்டுக்கு அதில் ஒரு கர்வமே இருந்தது. வீட்டைப் பார்த்தால் மனசு மயங்கும், காகிதம் மயக்காது என்பாள். பேக்கரி மாடியில் வாடகைக்கே காலத்தை ஓட்டியவள், தலை நரைத்தபின் சேமிப்பையெல்லாம் போட்டுத் தனக்கென்று ஒரு வீடு வாங்கியபோதும் அதே கதைதான். கொட்டுகிற மழையில் குடையோடு ஒரு முறை உள்ளே போனாள், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், திரும்பி வந்து பத்திரத்தில் மூழ்கினாள். தெருவில் நின்று வீட்டை அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிற விஷயம் அது.

வீடு சேப்பல் மேட்டில், ஒட்டி ஒட்டிக் கட்டிய கல்வீட்டு வரிசையில் இருந்தது. பக்கத்து வீட்டில் ஹெர்பர்ட் மிட்ஜ்லி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே கொல்லைப்புறம் போக ஒரு சந்து. சந்து கீழேதான் திறந்திருக்கும். மேலே இரண்டு வீடும் சேர்ந்து ஒரே சுவராக ஓடும்.

குடிபோன சில நாளிலேயே எனிட் சொன்னாள், ஆபீஸ் இல்லாத சனி, ஞாயிறில் மத்தியானம் தேநீர் போடுகிற நேரத்துக்கு மாடிப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கிறார்களாம். பிறகு ஒரு நாற்காலி இழுபடுமாம். அப்புறம் சுவரில் மெல்ல ஒரு தட்டல், கதவைத் தட்டி அனுமதி கேட்கிற மாதிரி. மிட்ஜ்லியின் அறை சந்துக்கு மேலே நீண்டிருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். எங்கள் ஊரில் ஒருவர் சமையலறைக்கு மேல் இன்னொருவர் படுக்கையறை இருப்பது சகஜம்தான். போய்ச் சொல்லேன் என்றேன். "சும்மா இருடி, தகராறாயிடும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அப்படியே வருஷங்கள் ஓடின.

இடுப்பு எலும்பு தேய்ந்து கைத்தடி பிடித்த பிறகு மாடிப்படி அவளுக்கு எமனாகிவிட்டது. பிரிட்லிங்டனில், கடற்கரையோரம், தங்கை வினிஃப்ரெடின் வீட்டுக்கு அடுத்தாற்போல் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு காலியானது. எனிட் அதற்கு ஆசைப்பட்டாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேப்பல் மேட்டு வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். வாங்க ஆளும் வந்தது. டேரன், லிண்ட்சே என்று ஒரு இளம் ஜோடி, லிண்ட்சே மாசமாயிருந்தாள். மாடி அறையைப் பார்த்ததுமே, தொட்டிலை இந்தச் சுவரோரம் போடலாம் என்று அந்தப் பெண் கையை விரித்து அளந்து காட்டினாளாம்.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள் எனிட்டுக்கே வந்தது. எழுதிக்கொண்டே போனவள் தகராறு, சத்தம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தொட்டில் வரப்போகிற இடம். சத்தம் இல்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. உண்டு என்று எழுதினால் கடற்கரை வீடு போய்விடும். முதலில் மிட்ஜ்லியிடம் பேசுவோம், அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டால் அது தகராறே இல்லை என்று கணக்குப் போட்டாள். இஞ்சி கேக் ஒன்று செய்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மிட்ஜ்லி தேநீர் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். கேக்கைப் பற்றிப் பேசினோம். கடைசியில் எனிட் தொண்டையைச் செருமினாள்.

"குறையா எடுத்துக்காதீங்க மிட்ஜ்லி சார். சந்துக்கு மேல இருக்குற உங்க ரூம்ல நாற்காலி இழுக்குற சத்தம் கொஞ்சம் எங்க பக்கம் கேக்குது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் ரூமா? அது உங்க ரூமாச்சே."

நானும் எனிட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவரே தொடர்ந்தார். "நீங்கதான் சனி, ஞாயிறு மத்தியானத்துல நடக்குறீங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருக்கேன். சொன்னா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன். உங்க ஜன்னல் திரைய வேற என் பொண்ணுகிட்ட காட்டி, பாரு, எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்."

"எந்தத் திரை?" என்றாள் எனிட்.

மூன்று பேரும் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். சந்துக்கு நேர் மேலே ஒரு ஜன்னல் இருந்தது. கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. வெள்ளைத் திரை இரண்டு பக்கமும் ஒதுக்கி நாடாவால் கட்டியிருந்தது. அந்த வழியாக எத்தனை முறை நடந்திருக்கிறேன், ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை. எங்கள் ஊர் மழையில் தலையைத் தூக்குகிறவர் யார்? வெட்கத்தை விட்டு மிட்ஜ்லியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனிட் மறுநாள் இரண்டு வீட்டுப் பத்திரத்தையும் விரித்து வைத்தாள். வரைபடங்கள் தரையை மட்டும்தான் காட்டின. சந்து பொது. அதற்கு மேலே இருக்கிற அறை அவளுடையதும் இல்லை, மிட்ஜ்லியுடையதும் இல்லை. இரண்டு பக்கச் சுவரிலும் கதவு கிடையாது, இருந்த அடையாளமும் கிடையாது. உடைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். யாருடைய சுவர் என்று தெரியாமல் உடைத்தால் அத்துமீறல், யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றுகூடத் தெரியாது என்றாள். அந்த நேரத்திலும் அவள் எனிட்தான்.

கேள்வித்தாளில் மிச்சமிருந்தது ஒரே கேள்வி, வீட்டில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா. எங்கள் சட்டப்படி, உரிமையோடு ஒருவர் வீட்டில் குடியிருந்தால் வாங்குகிறவர் தலையில் வீட்டோடு சேர்த்து அவரும் வந்து விடியலாம். ஆகவே அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இளைய வக்கீல் கிரிஸ்பினிடம் எனிட் விஷயத்தைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்படியென்றால் அந்த ஆளிடமே சம்மதம் வாங்கி வாருங்கள் என்றான்.

"வாங்கத்தான் வேணும்" என்றாள் எனிட். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நானும் அவளோடு மாடியில் உட்கார்ந்திருந்தேன். போகாதே என்று என் மனசு அடித்துக்கொண்டது, ஆனால் அவளைத் தனியாக விட எனக்கு மனமில்லை. கெட்டில் கொதித்து அடங்கியதும் காலடிச் சத்தம் வந்தது. அவசரமில்லாத நடை. நாற்காலி இழுபட்டது. சுவரில் மெல்லத் தட்டல். எனிட் கட்டிலில் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேரு எனிட். உங்க பக்கத்து ரூம். நான் வீட்ட வித்துட்டு என் தங்கச்சிகிட்டப் போறேன். இங்க ஒரு புள்ளத்தாச்சி வர்றா, கொழந்தைய இந்தச் சுவரோரம் படுக்க வைப்பா. நீங்க கெளம்பிடுறீங்களா? உங்களால முடியாதுன்னா, என்ன செய்யணும்னு சொல்லுங்க."

திரைக் கம்பியில் வளையங்கள் நகர்கிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு பக்கம். அப்புறம் மறு பக்கம்.

நான் தெருவுக்கு ஓடினேன். ஜன்னலில் திரை மூடியிருந்தது. நல்ல பகல் வெளிச்சத்தில் தெருப்பக்கத் திரையை மூடினால் எங்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த வீட்டில் சாவு. வாசலில் நின்றிருந்த மிட்ஜ்லி தன்னை அறியாமலே தொப்பியைக் கழற்றியிருந்தார். எதிர்வீட்டுக்காரி வெளியே எட்டிப் பார்த்தாள், மரியாதைக்குத் தன் திரையையும் மூடினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் சேப்பல் மேடு முழுக்கத் திரை மூடிவிட்டது.

துக்கம் கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். எனிட் கைத்தடியோடு வாசலில் நின்று, யாரும் சாகலைங்க, யாரும் சாகலைங்க என்று சொல்லி அனுப்பினாள். கடைசி ஆளும் போனபின் என் பக்கம் திரும்பினாள். "இன்னும் யாரும் சாகலைன்னு சொல்லியிருக்கணும். அதான் சரி."

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன், அழுதேன். "தெருவே எனக்காகத் திரைய மூடிட்டாங்க. இப்போ போயி உன் சோபாவுல படுத்துக்கிட்டா அவங்களுக்கு எப்படி இருக்கும்? போடி, போயித் தூங்கு" என்றாள். கேலி பேசுகிற குரல்தான், ஆனால் கதவை மூடுமுன் என்னை ஒரு முறை கட்டிக்கொண்டாள்.

அந்த வாரத்துக்குள் போய்விட்டாள். மாடியில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தபடியே இருந்தாள், பக்கத்தில் தேநீர் ஆறிக் கிடந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். என்ன அடைப்பாக இருந்தால் என்ன, ஒரு தடவை அந்தக் கடலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே பாவிக்கு.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் சந்துக்கு மேலே திரை ஒதுங்கி நாடா கட்டியிருந்தது. வீடு தங்கை வினிஃப்ரெடுக்கு வந்தது. விற்பனை நடக்கட்டும் என்றாள் அவள். டேரனும் லிண்ட்சேயும் இன்னும் காத்திருந்தார்கள். எனிட்டின் காகிதக் கட்டுகளெல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டதால் அந்தக் கேள்வித்தாளும் என்னிடம் வந்தது. வினிஃப்ரெட் கையெழுத்துப் போட நான் பதில்களை எழுதி வைக்க வேண்டும். வழக்கமாக எழுதுவதை எழுதி அனுப்பு என்றான் கிரிஸ்பின். லிண்ட்சேக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, இதற்குமேல் இழுக்க முடியாது.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் மிட்ஜ்லி என்னை மறித்தார். "சொல்லக் கூடாதுதான். ஆனா இப்போல்லாம் கைத்தடி சத்தமும் கேக்குதும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மாடியில் எனிட்டின் கட்டிலில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன். சுவருக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. கிழவர் பிதற்றுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு எதிரே, ஊரே எழுதுகிறதை நானும் எழுதினேன், எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை.

சுவரில் டக் டக் என்று இரண்டு தட்டு விழுந்தது. எதிர் மேஜையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கேட்ட தட்டு.

நான் அந்த வரியை அடித்துவிட்டு, "இருக்கிறார்கள், இரண்டு பேர்" என்று எழுதினேன்.