கை மாறிய இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனின் சிநேகிதர்களுக்கும் தங்கை எழுதுவது. அண்ணன் அண்ணாமலையார் திருவடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் குறிப்பு எழுதுகிறவள் நான். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியத்தன்று பேசியவர்கள் சிலர் அண்ணனை 'குடும்பத்தை அன்பால் நெய்தவர்' என்று புகழ்ந்தார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அண்ணன் கேட்டிருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார். ஒரு தேர்தல் கூட்டத்தில் ஒருவர், 'மக்கள் மனதில் நம்பிக்கையை நெய்த தலைவர்' என்று முழங்கினார். அண்ணன் என் பக்கம் குனிந்து, "பாவு நூலு யாரு போட்டுக் குடுத்தாங்களாம் பாப்பா?" என்று கேட்டார். தறிகெட்ட பையன் என்று யாராவது பிள்ளையைத் திட்டினாலும் அவருக்குப் பொறுக்காது. "மனுசன் கெட்டதுக்குத் தறிய ஏங்க இழுக்கறீங்க?" என்பார். நெசவு அவருக்கு வேலை, காலும் கையும் வலிக்கிற வேலை. அதனால் அவரைப் புடவை நெய்த மனிதராகவே இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டைக் கடலை விளையும் கொஞ்சம் மேட்டு நிலம் எங்களுக்கு இருந்தது. அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். மழை பொய்த்த வருடத்தில் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்குப் போய், தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் தறி கற்றுக்கொண்டார். என்னைப் படிப்பை நிறுத்தவிடவில்லை. திரும்பி வந்து, அம்மா பிறந்த ஊரான அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் வீடு பிடித்து, குழி வெட்டித் தறி போட்டார். அம்மா தன் கடைசிக் காலத்தை அந்தத் தறிச் சத்தத்தோடுதான் கழித்தார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்கள் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "இது மெஷினுங்களா, கையிங்களா?" என்று ஒருவராவது கேட்பார். "கைதாங்க. காலும் இருக்குது, குழிக்குள்ள" என்பார் அண்ணன். வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். கோபமும் உண்டு அவருக்கு. ஈரக் கையோடு யாராவது தறியில் நீளமாகக் கட்டியிருக்கும் பாவைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அண்ணி வந்த பிறகு அவர்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒருவர் தனியாக நெய்வது சிரமம். நெய்கிறவருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் வலது கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுக்கவேண்டும். அது அண்ணியின் இடம். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அண்ணி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. என் மகளைத்தான் தூக்கி வளர்த்தார்கள்.

நெசவுக்காரர்கள் புடவையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இது யாரு கை?" என்பது. குறுக்காக ஓடும் ஊடு நூலை அடித்து நெருக்குவதில் ஒருவர் பலம் மற்றவருக்கு வராது. நடுவில் ஆள் மாறினால் அந்த இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். கட்டுகிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அண்ணன் அதை 'கை மாறின இடம்' என்பார்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தாய்மாமன் சீராகக் கூறைப்புடவையைத் தானே நெய்து தருவதாகச் சொன்னார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. பாதிக்கு மேல் வந்திருந்தது. ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்திருந்தவர், "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று அண்ணியிடம் சொல்லி நாடாவைக் கீழே வைத்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அண்ணன் இல்லாத வீட்டில் தறியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து பல நாள் அந்த அறைக்குள் நான் போகவில்லை.

இனி எழுதப்போவது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. காரியம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல காரியத்துக்குக் கட்டற புடவைம்மா. தறியில இருந்து அறுத்து எடுத்துடுங்க. கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். "அண்ணி முடிச்சுக் குடுப்பாங்க" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர், "தாலி அறுத்தவ கையாலயா?" என்று கேட்டார். அண்ணி அந்த அறையில்தான் இருந்தார். அவர் காதில் விழாமல் போயிருக்க வழியில்லை. இருவர் பெயரையும் நான் எழுதவில்லை. அவர்களும் இந்த மலரை வாங்கியிருப்பார்கள்.

பதில் சொன்னது என் மகள். "மாமா ஆரம்பிச்சத அத்தை முடிச்சா கட்டுவேன். இல்லன்னா சாதாப் புடவை கட்டிட்டு மணையில உக்காந்துக்கறேன்" என்றாள்.

அண்ணி வெள்ளைத் துணியை எடுத்தார். அண்ணன் இடத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, அண்ணி இடத்தில் உட்கார ஆளில்லை என்று. வெளியாளைக் கூப்பிட அண்ணிக்கு மனமில்லை. "நீ உக்காரு பாப்பா" என்றார். வாரக் கடைசியிலும் லீவு போட்ட நாட்களிலும் நான் உட்கார்ந்தேன். எனக்குப் பேனா பிடித்துத்தான் பழக்கம். நாடாவை ஒரு முறை இழுத்துத் தள்ளுவேன், மறுமுறை தொளதொளவென்று விடுவேன். பல இழைகளை அண்ணி பிரித்துப் பிரித்து மறுபடி போட்டார். ஆனால் தன் வேலையில் அவர் ஒரு அடி கூடத் தவறவிடவில்லை. அடிப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தைக் கேட்டுத்தான் அடிக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அண்ணன் அடிக்கும் சத்தம் அவர் காதில் இருந்தது.

"எதுக்கு அண்ணி இவ்ளோ கஷ்டப்படறீங்க? கோடு விழுந்தா விழட்டுமே" என்றேன் ஒரு நாள்.

"கல்யாணத்துல எவளாவது விரல வச்சு, இங்கதான் மாமன்காரன் போயிட்டாருன்னு காட்டக்கூடாது பாப்பா" என்றார் அண்ணி.

அண்ணன் பிரிந்த நாளிலிருந்து எங்களைத் தாங்கியவர்களுக்கு இந்த மலரில் நன்றி சொல்லவேண்டும். வாடகை பேசாமல் வண்டியை எடுத்த ஆட்டோக்காரத் தம்பி, பத்து நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்கள், ஆரணியிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த நெசவுக்காரர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம். என்ன கைமாறு செய்வோம் என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லை எழுதப் போனால் எனக்குத் தறிதான் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் கை மாறியது ஒரு இடத்தில்தான். அந்தக் கைக்கு நன்றி என்று எழுதினால் அண்ணி என்னைக் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்வாரம் புடவையைத் தறியிலிருந்து இறக்கினோம். பாய் விரித்து, வெளிச்சம் விழும்படி அதன் மேல் பரப்பினோம். அண்ணி முந்தானையில் ஆரம்பித்து புடவையின் உடலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு முறை வந்தார். திருப்பிப் போட்டு இன்னொரு முறை வந்தார். எங்கேயும் கோடு இல்லை. அண்ணன் நெய்ததும் அண்ணி நெய்ததும் ஒரே கையாக இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"எங்க நிறுத்துனாருன்னு தெரியலையே பாப்பா" என்றார். "நானே அழிச்சிட்டனா?"

அத்தனை நாளும் அழாமல் நெய்தவர் அன்றைக்குத்தான் அழுதார். சும்மா இருக்கமுடியாமல் புடவையின் வலது கரையைத் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பச்சை ஓரம் விரலில் இடறியது. அதற்கு முன்னால் கோடு போட்டதுபோல் நேராக வந்த கரை, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, கடைசி வரை கோணிக்கொண்டு போனது.

"அண்ணி, இங்க பாருங்க. இது என் கை" என்றேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கோணல் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். அங்கிருந்து நேர் குறுக்கே, புடவையின் உடலுக்குள் மெதுவாக நகர்த்தி, நிறுத்தினார்.

"அப்போ இதுதான் அவரு" என்றார். விரலை எடுக்கவில்லை.