செல்வியின் முடிச்சு

சாரணியர் முகாமுக்குப் போய்வந்த மகளின் பையைத் திறந்ததும் ஈரத் தார்ப்பாய் வாசம் அடித்தது. எனக்கு உடனே செல்வி ஞாபகம் வந்தாள்.

ஏழாம் வகுப்பில் எங்களை ஜேடர்பாளையத்து ஆற்றங்கரையில் முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். வகுப்பில் எப்போதும் நான்தான் லீடர். செல்வி கடைசி பெஞ்சு, லாரி டிரைவர் மகள். முதல் நாள் அடித்த காற்றில் நாங்கள் கட்டிய கூடாரங்கள் எல்லாம் சாய்ந்தன. லோடு மேல் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சைப் போட்டிருந்த செல்வியின் கூடாரம் மட்டும் நின்றது. டீச்சர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். அவள் ஊதினால் நான் வரிசையில் போய் நிற்க வேண்டும். வயிறு எரிந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கூடாரம் சரிந்தது. திரும்பினால் செல்வி நிற்கிறாள். சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்தார்.

"நாந்தானுங்க டீச்சர், சரியா இறுக்கிக் கட்டல" என்றாள் செல்வி.

விசிலுக்காகப் பட்ட பொறாமை அந்த வருஷத்தோடு தீர்ந்தது. அந்தப் பதிலுக்காகப் படுவது இன்னும் தீரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருப்பேன்.

"அம்மா, எங்க டீம்ல தர்ஷினியத்தான் லீடராப் போட்டாங்க" என்றாள் மகள். "கடைசி நாளு அவ டென்ட்டே விழுந்துருச்சு." சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எந்த முடிச்ச அவுத்த, சாமி?"